நார்மல் என்று எழுதிய மகனுக்கு

மகனே,

கடிதத்தை ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கச் சொல்லி உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுகிறாள். இன்றைக்கு அந்தச் சொல் கைக்கு வரவில்லை. நீ போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. கல்யாணத்துக்காக ஜாதவ்பூரில் நீ பிடித்திருக்கும் புது ஃபிளாட்டுக்கு நான் வரப்போவதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அதையும் உறையில் போட்டு ஒட்டாமல், நம் கல்கத்தாத் தமிழ்ச் சங்கத்து மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறைத்ததால் வந்த வினை இது. அதைப் பற்றி மறைவாக ஒரு கடிதம் எழுத நான் தயாரில்லை. யார் பெயரையும் போடவில்லை. போடாவிட்டாலும் பெஹாலாவிலிருந்து லேக் கார்டன்ஸ் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த ஊரில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. படிக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களை விளக்கித்தான் சொல்வேன். தெரிந்ததையே சொல்கிறாரே என்று முகத்தைச் சுளிக்காதே.

நீ என் அண்ணன் பெற்ற பிள்ளை. அண்ணன் போன பிறகு நானும் உன் சித்தியும் வளர்த்தோம். பெற்றவனுக்கு வருகிற கோபத்தில் ஒரு பங்குகூடக் குறையாமல் எனக்கும் வரும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். சரியாகச் சொன்னால், இவனுக்குச் சொல்லிக் கொடுக்க இனி நம்மிடம் ஒன்றும் இல்லை என்று பள்ளிக்கூடம்தான் நிறுத்திக்கொண்டது. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி ஹௌராவில் இறங்கியபோது என் பையில் ஒரு டெஸ்டரும் ஒரு குறடும்தான் இருந்தன. இன்று பெஹாலாவில் எந்த வீட்டில் கரண்ட் போனாலும் முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கட்டடத்தின் மெயின் ஸ்விட்சைக் கழற்றி எடுத்தேன்; மீன் வந்து காலைக் கடித்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்று உன் சித்தி இப்போது திருத்துகிறாள். அவள் அன்று மாடியில் நின்று பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் குறைவாகத்தான் தெரியும்.

நான் வயரிங் செய்த ஒவ்வொரு பேனல் பெட்டியின் கதவுக்கும் உள்பக்கத்தில், சிவப்புப் பெயின்டில் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும். நீ ஏபிசிடி கற்றுக்கொள்ளும் முன்னால் அந்த ‘உ’வைத்தான் கற்றுக்கொண்டாய். கேபிள்களை நான் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவதில்லை, மெழுகு தேய்த்த நூலால் கட்டுவேன் என்பதும் உனக்குத் தெரியும். கல்கத்தாவில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற பெட்டி என்னுடையது. கையெழுத்தே வேண்டாம். லேக் கார்டன்ஸில் அந்த ஃபிளாட் கட்டடத்தின் கீழ்த்தளத்து மீட்டர் ரூமும் அப்படி ஒன்று. நான் அதைச் செய்த காலத்தில் அங்கே குடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏசி என்றால் ரயில் பெட்டி என்றுதான் தெரியும். இன்று அதே கட்டடத்தின் முதல் மாடியில்தான் உனக்குப் பெண் கொடுக்கும் வீடு. மீட்டர் ரூமுக்கு நேர் மேலே அந்தப் பெண்ணின் அறை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் வேலையை நான் என்றைக்கும் குறைத்துப் பேசியதில்லை. கையில் பிடிக்கிற அந்தத் தெர்மல் காமிராவை நீ முதல் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஊரையே கூட்டிவிட்டேன். வெளிச்சத்தைப் பார்க்காமல் சூட்டைப் பார்க்கிற காமிரா என் பிள்ளையிடம் இருக்கிறது, சுவருக்கு உள்ளே புகுந்து பார்க்கும் என்று சொன்னேன். “உள்ளயெல்லாம் பாக்காது சித்தப்பா, மேல்பரப்போட சூடு மட்டுந்தான் காட்டும்” என்று நீ எல்லார் முன்னாலும் திருத்தினாய். எனக்குக் கொஞ்சம் இறக்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷம். விஸ்வகர்மா பூஜை அன்று என் குறடு, டெஸ்டர், கேபிள் முனையை அழுத்துகிற கருவி எல்லாவற்றோடும் உன் காமிராவையும் வைத்துக் குங்குமம் வைத்தேன். லென்ஸில் பட்டுவிடும் என்று நீ பதறினாய். மேலே மொட்டைமாடிகளில் பட்டம் விடுகிறவர்கள் போட்ட கூச்சலில், நான் அதனிடம் என் பிள்ளையைப் பொய் சொல்ல விடாதே என்று வேண்டிக்கொண்டது உனக்குக் கேட்டிருக்காது.

அப்போது நீ பொய் சொல்லாதவன்தான். நம் மாடியில் குடியிருக்கிற வங்காளி அம்மாள், நம் மாஷிமா, தன் சுவரில் ஈரம் இறங்குவதற்கு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, நினைவிருக்கிறதா? நீ காமிராவைப் பிடித்துப் பார்த்தாய். சுவரில் குளிர்ந்த இடம் நீலமாகக் கிளம்பி, அவளுடைய குளியலறைக் குழாய்க்கே போய் நின்றது. உடைத்துப் பார்த்தால் அங்கேதான் ஒழுகல். லக்ஷ்மி பூஜைக்கு அவள் கொடுத்தனுப்புகிற தேங்காய் உருண்டை அந்த வருஷம் வரவில்லை. உருண்டை போனால் போகிறது, பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று நீதான் சித்தியிடம் சொன்னாய். அந்த வாக்கியத்தை நான் பெஹாலா முழுக்க, கொஞ்சம் நகாசு வேலை செய்து, பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லேக் கார்டன்ஸ் கட்டடத்தின் கமிட்டி, வெயில் காலத்துக்கு முன் மின்சாரப் பெட்டிகளைச் சோதிக்க வேண்டும் என்று உன் கம்பெனியைக் கூப்பிட்டது. சம்பந்திதான் சொல்லிக் கூப்பிடவைத்தார். பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். மாப்பிள்ளை காமிராவோடு வந்து நிற்பதை அக்கம்பக்கத்துக்குக் காட்ட ஆசை. நீ போனாய், பார்த்தாய், ரிப்போர்ட் அனுப்பினாய். மறுநாளே சம்பந்தி எனக்குப் போன் போட்டார். எல்லாப் பெட்டியும் நார்மல் என்று வந்திருக்கிறதாம். உங்கள் கைவேலை தங்கம் என்றார். நான் சும்மா இருப்பேனா? முக்குக் கடையில் சந்தேஷ் இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். நான் போட்ட பேனலைக் காமிரா பார்த்துவிட்டு, சூடே இல்லை, ஐஸ் போல இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நான் அப்படிச் சொல்லித் திரிந்த அந்த நாட்களில் நீ என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாய். ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டுவிட்டுக் காமிராவை மறந்து விட்டுப் போனாய். நான் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். தோசைக்கல்லைப் பார்த்தேன், வெள்ளையாகப் பளபளத்தது. சித்தியைப் பார்த்தேன், மூக்கு மட்டும் நீலமாக இருந்தது. அவளுக்கு மூக்கில் ரத்த ஓட்டம் இல்லை என்று சொல்லித் திட்டு வாங்கினேன். அப்புறம் எந்தப் பொத்தானையோ அமுக்கினேன், பழைய படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு படத்தில் பேனல் பெட்டி. அந்தக் காமிரா சூட்டுப் படத்தோடு சாதாரணப் படத்தையும் சேர்த்து எடுத்துவைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சாதாரணப் படத்தில், திறந்த கதவில் சிவப்பாக என் ‘உ’. ஆகா, நம் பெட்டி என்று சித்தியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டபடியே அடுத்த படத்தைத் தள்ளினேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கட்டடத்துக்கு மின்சாரம் மூன்று ஃபேஸாக வரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சொல்வோம். கேபிளின் முனையில் லக் என்று ஓர் உலோகக் காது இருக்கும், அதைப் போல்ட்டில் மாட்டி நட்டுப் போட்டு முறுக்குவோம். மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும்போது மூன்றும் ஒரே அளவுதான் சுட வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த இணைப்பில் கோளாறு. இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக்கூட வேண்டாம். அந்தப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் மங்கலாகக் கிடந்தன. நீல ஃபேஸ் என் வீட்டுத் தோசைக்கல்லைப் போல வெள்ளையாக எரிந்தது. சித்தி வந்து எட்டிப் பார்த்து, “இதென்னங்க, இதுக்குள்ள அடுப்பு வச்சிருக்கீங்க” என்றாள்.

உனக்குப் போன் போட்டேன். இதைப் பற்றி நான் போட்ட முதல் போனும் கடைசிப் போனும் அதுதான். நீ மறுக்கவில்லை. நீ மறுத்திருந்தால்கூட எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. எவ்வளவு நிதானமாகச் சொன்னாய்: “கல்யாணம் முடியட்டும் சித்தப்பா. நானே ஒரு லீவு நாள்ல போய் டைட் பண்ணிடறேன். அவங்க வீட்டு முன்னால உங்க பேரு எதுக்குக் கெடணும்?”

என் பெயர். என் பெயருக்காக நீ செய்தாயாம். அடேய், சூடு கல்யாணப் பத்திரிகை படிக்குமா? முகூர்த்தம் முடிகிறவரை பொறுத்திருக்கிறேன் என்று அந்த போல்ட் உன்னிடம் கையடித்துச் சொன்னதா? நீ தாலி கட்டப்போகிற பெண் அதற்கு நேர் மேலே தூங்குகிறாள். அவளுடைய அறைக்குக் கீழே ஒரு கொள்ளியை வைத்து, அதன்மேல் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் அவளுக்குப் புடவைக்குப் பொருத்தமாக வளையல் தேடியிருக்கிறாய். அந்தக் கமிட்டிக்காரர்கள் உன் கையெழுத்தை நம்பிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்கள். காமிராவே இல்லாதவர்கள் நாலு நாளைக்கு ஒரு தரம் கதவைத் திறந்து மோந்தாவது பார்த்திருப்பார்கள். காமிரா வைத்திருந்த நீ அதையும் நிறுத்திவிட்டாய்.

மறுநாள் காலையில் என் பையை எடுத்துக்கொண்டு, உன் காமிராவையும் எடுத்துக்கொண்டு, லேக் கார்டன்ஸ் போனேன். சம்பந்தி வாசலிலேயே காபி என்று ஆரம்பித்தார். காபி இருக்கட்டும், கட்டடத்துக்குக் கரண்டை நிறுத்த வேண்டும், செகரட்டரியைக் கூப்பிடுங்கள் என்றேன். செகரட்டரி ஒரு வங்காளிப் பெரியவர். லிஃப்ட் நிறுத்தப்போகிறேன் என்றதும் நாலாவது மாடியிலிருந்து படியிறங்கி வந்தார், மூச்சு வாங்கியது. நான் படத்தைக் காட்டினேன். என் பெட்டிதான், என் பிள்ளை எடுத்த படம்தான், ரிப்போர்ட்டில் போடாமல் விட்டுவிட்டான் என்று அவருக்குப் புரிகிற வங்காளத்தில் சொன்னேன். என் வங்காளத்தைக் கேட்டு அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியரே அசந்துபோயிருக்கிறார். செகரட்டரி அசரவில்லை. “தாதா, நிஜமாவே ஆபத்தா?” என்று மட்டும் கேட்டார்.

கரண்டை நிறுத்தி, மின்சாரக் கம்பெனி ஃப்யூஸையும் பிடுங்கவைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் கையை விட்டேன். நட்டைக் கழற்றினேன். என்ன இருந்தது தெரியுமா? என் லக்கின் தலைமேல் இன்னொரு லக் உட்கார்ந்திருந்தது. நட்டு தளராமல் பிடித்துக்கொள்ள அதன் அடியில் இருக்க வேண்டிய ஸ்பிரிங் வாஷரைக் காணோம். மேலே உட்கார்ந்திருந்த கேபிள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டு, சுவரோரமாக மேலே ஏறியது. முதல் மாடிக்கு. கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள் என்று சம்பந்தி புதிதாகப் போட்ட ஏசிகளுக்கு, எந்த எலெக்ட்ரிக் மிஸ்திரியோ நேராக அங்கேயிருந்து இழுத்திருக்கிறான். இன்னும் ஒரு சாண் பக்கத்தில் போய், கேபிளை ஒதுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ போகவில்லை. கதவில் என் ‘உ’வைப் பார்த்ததும் உன் கண் நின்றுவிட்டது. சித்தப்பா வேலை, சித்தப்பா தப்பு என்று நீயே விசாரித்து, நீயே தீர்ப்பு எழுதி, நீயே எனக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டாய். நான் கேட்டேனா உன்னிடம் மன்னிப்பு? நீ உள்ளதை எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே வந்து பதில் சொல்லியிருப்பேன். என் தப்பாகவே இருந்திருந்தாலும் அந்தச் செகரட்டரிக்கு முன்னால் குறட்டோடு நின்று சரிசெய்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்திருப்பேன். எனக்கு வராத வெட்கத்தை உன்னை யார் எனக்காகப் படச் சொன்னது?

கருகிய லக்கை வெட்டிப் புதிதாக அழுத்தினேன். ஏசி கேபிளை அதற்கென்று தனி ஸ்விட்ச் வருகிறவரை கழற்றி ஓரமாக வைத்தேன். கரண்டைக் கொடுத்து, எல்லா வீட்டிலும் இருக்கிறதையெல்லாம் ஓடவிடச் சொல்லி, சூடு ஏறுகிறவரை காத்திருந்து நானே படம் எடுத்தேன். மூன்று ஃபேஸும் ஒரே நிறம். உன் படங்களைவிட என் படம் தெளிவு. ஓரத்தில் என் கட்டைவிரல் கொஞ்சம் விழுந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

அப்போதுதான் சம்பந்தி என் தோளில் கைபோட்டு மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தமிழில், தணிந்த குரலில், செகரட்டரிக்குப் புரியாதபடி சொன்னார்: “சம்பந்தி, இப்போ சரியாயிடுச்சு இல்லையா? மாப்பிள்ளை நார்மல்னு எழுதியிருக்கார், இப்போ நிஜமாவே நார்மல். அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. என் ஏசியாலன்னு தெரிஞ்சா கமிட்டியில நான் எப்படித் தலை நிமிர்ந்து உக்கார்றது?”

பார்த்தாயா? உனக்கு என் பெயர், அவருக்கு அவர் பெயர். சம்பந்தம் நன்றாகத்தான் பொருந்தியிருக்கிறது. நான் அவருக்குத் தமிழில் பதில் சொல்லவில்லை. செகரட்டரியைப் பார்த்து வங்காளத்தில் உரக்கச் சொன்னேன்: “ரெண்டு படத்தையும் போட்டு என் பிள்ளை புது ரிப்போர்ட் அனுப்புவான், பாபு. வராவிட்டால் விடாதீர்கள்.” நாளைக்கு மூன்றாம் மாடிக்காரர் ஏசி வாங்குவார். அவருடைய மிஸ்திரி அதே போல்ட்டைத்தான் தேடி வருவான். எங்கே, எதனால் சுட்டது என்று எழுதிவைத்திருந்தால்தான் அவனைத் தடுக்க முடியும். சம்பந்தி முகம் சிறுத்துப்போனது. சிறுக்கட்டும், மறுபடி பெருக்கும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் வியர்த்துக்கொண்டு கீழே வந்து நின்றவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தாள். விசிறிக்குப் பதிலாகக் கையில் கல்யாணப் பத்திரிகை. மாடிப்படிப் பக்கம் சம்பந்தியும் நானும் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. எல்லோரும் மாடியேறிப் போன பிறகு என்னிடம் வந்து, “அங்கிள், அந்தப் படத்தைக் காட்டுங்களேன்” என்றாள். காட்டினேன். முதலில் உன் படம், அப்புறம் என் படம். உன் படத்துக்கே திரும்பிப் போனாள். “இது என் ரூமுக்கு நேர் கீழ தானே?” என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் வங்காளத்துக்கு மாறிவிட்டாள். மனதிலிருந்து பேசும்போது அவளுக்கு வங்காளம்தான் வரும். “ஓ ஜான்தோ?” என்றாள். அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

மகனே, உன் சித்தப்பாவுக்குப் பதில் கிடைக்காத கேள்வி என்று இந்த ஊரில் ஒன்றும் கிடையாது. முழங்கால் தண்ணீரைக் கழுத்துக்கு ஏற்றத் தெரிந்தவன் நான். அவன் பார்க்கவில்லையம்மா, வெளிச்சம் போதவில்லை, காமிரா கோளாறு, அவன் உதவியாளன் மறந்துவிட்டான் என்று நின்ற இடத்திலேயே ஒன்பது கதை கட்டியிருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கதையும் வரவில்லை. அதையெல்லாம் விட எனக்குப் பெரிய கோபம் இதுதான்: என்னை அந்த வாசலில் வாயடைத்து நிற்கவைத்தாய். “அவன்கிட்டயே கேளும்மா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் இன்னும் உன்னிடம் கேட்கவில்லை என்று சித்தி சொல்கிறாள். கேட்காமல் இருக்கிறாள் என்றால் நீயாக வந்து சொல்கிறாயா என்று பார்க்கிறாள். அதுகூடப் புரியாவிட்டால் நீ படித்த படிப்பை நான் நிறுத்திய பள்ளிக்கூடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

புது ரிப்போர்ட் எழுது. நீல ஃபேஸ் எப்படி எரிந்தது, அதைப் பார்த்தும் ஏன் எழுதவில்லை, எதனால் சுட்டது, யார் சரிசெய்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். உன் கம்பெனி திட்டினால் திட்டு வாங்கிக்கொள். சம்பந்தி வீட்டு ஏசியை விட்டுவிடாதே. என் பெயரையும் விட்டுவிடாதே. கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போ. தெரியும் என்று அவள் பாஷையிலேயே சொல். அவள் என்ன முடிவு செய்தாலும் கேட்டுக்கொள். கல்யாணம் முடியட்டும் என்று மட்டும் இன்னொரு முறை உன் வாயிலிருந்து வரக்கூடாது. உன் அப்பா இடத்தில் நான் நிற்பதற்கு எடுத்த பட்டு வேட்டியை உன் சித்தி இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் அதை அவ்வப்போது திறந்து பார்க்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

உன் காமிரா என்னிடம்தான் இருக்கிறது. உன் ஆபீஸில் தேடுவார்கள், வந்து வாங்கிக்கொண்டு போ. வருகிறபோது அதை என் நெற்றிக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள். அதையாவது நார்மல் என்று எழுதாதே.

உன் சித்தப்பா,
பெஹாலா